அத்தா பார்த்த இரண்டு பிறைகள்

ஐஸ் கட்டி சுற்றிய துண்டிலிருந்து சொட்டும் தண்ணீர்... அத்தா சட்டையில் எப்போதும் இருக்கும் தோல் மண்டி வாசம்... ஏழாம் வகுப்பை நினைத்தாலே எனக்கு இவை இரண்டும்தான் முதலில் வருகின்றன.

தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடப் போன அத்தா, கார்க் பந்தை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணைக் கீழிருந்து தாங்கும் எலும்பு உடைந்திருந்தது. முட்டை ஓடு மாதிரி மெல்லியதாம் அது. கண்ணை அசைக்கும் தசை அந்த உடைப்பில் மாட்டிக்கொண்டதால் அவரால் மேலே பார்க்க முடியவில்லை. எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

"வீட்டுல இப்ப ரெண்டு பொண்டாட்டி நிக்கிறா" என்றார்.

"ஒருத்திக்குப் பதில் சொல்லவே ஏலல, இதுல ரெண்டு கேக்குதோ?" என்றார் அம்மா.

சிரித்தோம். ஆனால் மண்டிக்கு வரும் தோலில் இருக்கும் கீறலைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் அத்தாவின் வேலை.

வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் என்றார் மதுரை டாக்டரம்மா. "அதுவரைக்கும் மூக்கை மட்டும் சிந்திராதீங்க."

மறுநாள் விடியலில் அத்தா தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தார். கை கழுவினார், வாய் கொப்பளித்தார்... சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், கை தானாக மூக்கில் தண்ணீர் ஏற்றியது. பலமாகச் சிந்தினார்.

பார்க்கப் பார்க்கக் கண் பூரி போல உப்பி மூடிக்கொண்டது.

"உடைஞ்ச வழியா மூக்குக் காத்து கண்ணுப் பக்கம் ஏறியிருக்கு. இன்னொரு தடவை செஞ்சா பார்வைக்கே ஆபத்து" என்று போனில் திட்டினார் டாக்டரம்மா.

"மூக்கை விட்டுட்டு ஒளு செய்ங்க பாய். முடியாதவங்களுக்குச் சலுகை இருக்கு" என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

அன்றிலிருந்து குழாயடியில் எனக்குக் காவல் வேலை.

"அத்தா, மூக்கு!"

ஆபரேஷனில் கீழிமையின் உள்பக்கமாகத் திறந்து, தசையை விடுவித்து, உடைந்த இடத்தில் மெல்லிய தகடு வைத்தார்கள். வெளியே தழும்பே இல்லை. ஆனால் இரண்டாகத் தெரிவது மட்டும் போகவில்லை. போக நாளாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடலாம் என்றார்கள்.

நோன்புப் பிறை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினோம். வானம் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு மேலே, வெள்ளைத் தையல் நூல் வளைந்து கிடப்பது போல பிறை...

"எத்தனை அத்தா?"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு" என்றார்.

"கள்ளாட்டை! ரெண்டையும் தொறங்க."

திறந்தார். பிறையையே உற்றுப் பார்த்தார். தெருவில் பையன்கள் போட்ட கூச்சல்கூடத் தண்ணீருக்கடியில் கேட்பது போல எங்கோ கேட்டது...

"ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சும்மா... இந்தா, சேந்துருச்சு. ஒண்ணுதான்."

"நல்லவேளை. இனி ஒருத்தியோட காலத்த ஓட்டுங்க" என்றார் அம்மா. 

இப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. மூக்கைச் சிந்தலாம் என்று டாக்டரம்மா எப்போதோ சொல்லிவிட்டார். ஆனாலும் குழாயடியில் கை மூக்கருகே போகும்போது அத்தா ஒரு நொடி நின்று, நான் படிக்கும் ஜன்னலைப் பார்க்கிறார்.

"ம்... செய்ங்க அத்தா" என்கிறேன், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே.

அடுத்த வருடம் நான் ஹாஸ்டலில் இருப்பேன். அப்போதும் அந்த ஜன்னலைப் பார்ப்பார்...