உப்பில்லாத கைவிலங்கு

கைவிலங்கு செய்கிற முதலாளி என்றதும் முறுக்கு மீசையும் முரட்டுக் குரலுமாக ஒருவரை நீங்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் சம்பவநாதன் நயினார் எறும்புக்கு ஒதுங்கி வழிவிடுகிறவர். காலையில் மெஷினை ஓட்டுவதற்கு முன் அதன் அடியில் குனிந்து பார்ப்பார். பல்லி, பூச்சி ஏதாவது இருந்தால் அது தானாகக் கிளம்பிப் போகிறவரை நாங்கள் எல்லாரும் சும்மா நிற்க வேண்டும். ஒரு நாள் ஒரு பல்லி போவேனா என்று உட்கார்ந்துவிட்டது. முற்பகல் முழுக்க வேலை இல்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் பல்லி பக்கம் இருக்கும்போது நான் என்ன பேச?

என் பெயர் வளர்மதி. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் செஞ்சிக்கு வந்து, திண்டிவனம் சாலையில் இருக்கும் நயினாரின் ஷெட்டில் பிளாஸ்டிக் மெஷின் ஓட்டுகிறேன். எனக்கு நாக்கு நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நாக்கு இல்லாவிட்டால் இந்த ஷெட்டில் ஒரு வேலையும் நடக்காது.

நயினாருக்குச் சொந்த ஊர் மேல்சித்தாமூர். நெல்லும் மல்லாட்டையும் பயிர் செய்த சமணக் குடும்பம். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு பழைய மெஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். மூட்டை கட்டுகிற நைலான் பட்டைதான் எங்கள் சரக்கு. ஒரு பக்கம் பல், மறுபக்கம் ஓட்டை. கோத்து இழுத்தால் இறுகும், திரும்பி வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கரண்ட் வேலை செய்கிறவர்கள் ஒயர் கட்டுவார்களே, அதேதான், கொஞ்சம் தடிமனாக.

மண்டிக்காரர்கள் மூட்டை தைக்கிற மெஷின் வாங்கிப் போட்டதும் எங்கள் பட்டையைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் ஷெட் மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ராஜாராம் வந்தார். போலீசுக்கு டார்ச், தொப்பி, பூட்ஸ் என்று சப்ளை செய்கிறவர். பையிலிருந்து வெளிநாட்டுச் சாமான் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். எங்கள் மூட்டைப் பட்டையின் அண்ணன் மாதிரி இருந்தது. இரண்டு வளையம், இரண்டு கைக்கும்.

"கலாட்டாவுல ஒரே நேரத்துல நெறைய பேர புடிப்பாங்க நயினாரே. அத்தினி பேருக்கும் இரும்பு விலங்குக்கு எங்க போறது? இத மாட்டி, அப்பறம் அறுத்துத் தூக்கிப் போட்டுடலாம். பங்குனிக்குள்ள சாம்பிள் குடுத்தீங்கன்னா ஆர்டர் உங்களுக்கு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நயினார் அதைத் தன் கையிலேயே மாட்டி இழுத்துப் பார்த்தார். அறுத்து எடுத்தபோது மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, ஒரு இடத்தில் ரத்தமே கசிந்தது. அந்தக் கையோடு வீட்டுக்குப் போனவரை சந்தனா அக்கா சும்மா விடுவாரா?

சந்தனா அக்கா நயினாரின் மனைவி. பெருமண்டூர்ப் பெண். குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை, ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் செஞ்சிக்கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைக்கூட நகர்த்தலாம், அக்காவை முடியாது.

"தண்ணிய வடிகட்டிக் குடிக்கிற வூட்ல, மனுசன் கைய அறுக்கிற சாமான் செய்யப் போறீங்களா?" என்று அக்கா கேட்டாராம்.

"நான் செய்யலன்னா வேற எவனாச்சும் இதே மாதிரி செய்வான் சந்தனா. நான் அறுக்காத மாதிரி செய்யறேன்."

"சரி. போட்ட கையில தடம் உழாம செஞ்சு காட்டுங்க. காட்டுற வரைக்கும் நான் உப்பு சேத்துக்க மாட்டேன்."

சமணர்கள் வீட்டில் இது உண்டு. நோன்பு என்று ஒரு சுவையை விட்டுவிடுவார்கள். நெய்யை விடுவார்கள், தயிரை விடுவார்கள். அக்கா உப்பை விட்டார். விட்டது அவர் மட்டும்தான். ஆனால் சமைக்கிறவர் உப்பை விட்டால் யார் நாக்கில் உப்பு படும்? மனைவி சாப்பிடாத உப்பு எனக்கும் வேண்டாம் என்றுவிட்டார் நயினார். ஷெட்டில் எங்களுக்கெல்லாம் மதியச் சோறு அக்கா வீட்டிலிருந்துதான் வரும். ஏற்கெனவே அதில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, கிழங்கு கிடையாது. இப்போது உப்பும் போயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். முதலாளி எதிரில் உட்கார்ந்து அதையே ரசித்துச் சாப்பிடும்போது குப்பையில் எப்படிக் கொட்டுவது? ஊறுகாய் பாட்டிலை இடுப்பில் செருகி வந்தேன். எடுக்க மனசு வரவில்லை. பாட்டில் வந்தபடியே வீட்டுக்குப் போயிற்று.

ஆக, ஷெட் நடக்க வேண்டுமென்றால் பட்டை அறுபடக் கூடாது. அக்கா உப்பு சாப்பிட வேண்டுமென்றால் கையில் தடம் விழக் கூடாது. இரண்டும் ஒரே பட்டையில் வர வேண்டும்.

நயினார் அச்சை மாற்றி மாற்றி வெட்டினார். பட்டையை அகலமாக்கினார், ஓரத்தை வழவழவென்று உருட்டினார். மாட்டினவர் திமிறினால் மேலும் இறுகாதபடி, அளவு வைத்ததும் அழுத்திவிடுகிற சின்னப் பூட்டு ஒன்று வைத்தார். ஒவ்வொன்றையும் முதலில் தன் கையில்தான் போட்டுப் பார்ப்பார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் மீனம்பாள் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, நயினார போலீசு புடிச்சிடுச்சு!" என்று அலறி, தெருவே திரண்டுவிட்டது. ஓடி வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதற்குள் என் தொண்டை போயிற்று. "நீ டீயப் போடு, ஊரக் கூட்டாத" என்று அவளை ஒரு வாங்கு வாங்கினேன்.

கடைசியில் ஒரு மாதிரி அமைந்தது. பங்குனி வெயில் கொளுத்த ஆரம்பித்திருந்தது. சாம்பிளுக்கு வேண்டிய பட்டைகளை நானே ஓட்டி எடுத்தேன். நைலான் பட்டைக்கு ஒரு குணம்: மெஷினிலிருந்து சூடாக வந்ததும் காய்ந்து விறைப்பாக இருக்கும், மடக்கினால் ஒடியும். பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதோடு சேர்த்துக் கட்டி வைத்தால் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பதமாகும். அதற்குப் பிறகு யானை இழுத்தாலும் வராது. அப்படிக் கட்டி வைத்துவிட்டு, என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பனமலை போய்விட்டேன்.

நான் திரும்பி வந்த அன்றைக்குத்தான் ராஜாராம் வருவதாக இருந்தது. அன்று சதுர்த்தசி வேறு, சமணர்களுக்கு நோன்பு நாள். நயினாருக்கு ஒருவேளைச் சாப்பாடு. அதுவும் மாலையில், சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போவதற்குள். பஞ்சாங்கம் என்ன நேரம் போட்டிருந்தாலும் சரி, சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் அவருக்குப் பொழுது போயிற்று. அப்புறம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. காலையில் அக்கா ஷெட்டுக்கு வந்து, மேலாக இருந்த பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, தன் கையாலேயே நயினாரின் இரண்டு கையையும் சேர்த்து மாட்டிப் பூட்டையும் அழுத்தினார்.

"சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும். நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் வருகிறேன் என்ற ராஜாராம் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். கூடவே நெடுமாறன் என்று ஒருவர், ரிடையர் ஆன ஏட்டு. அடேயப்பா, என்ன உடம்பு! ஷெட் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். "நான் இழுத்து வரலன்னா எவன் இழுத்தும் வராது" என்று மேஜை முன்னால் கையை நீட்டினார். நான் புதுப் பட்டை ஒன்றை எடுத்து மாட்டினேன். மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

படக்கென்று ஒடிந்தது.

இன்னொன்று மாட்டினேன். அதுவும் படக். மூன்றாவது, மாட்டுவதற்கு வளைக்கும்போதே என் கையில் ஒடிந்தது. நயினார் முகத்தில் ஈயாடவில்லை. ராஜாராம் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தால் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது.

"யாருய்யா இதுல கைய வச்சது?"

பேக்கிங் செய்கிற பாண்டுரங்கன் பெருமையாக முன்னால் வந்தார். அவரும் எங்கள் ஊர்தான், வருஷா வருஷம் மல்லாட்டை போடுகிறவர்.

"நாந்தான். பையெல்லாம் ஒரே ஈரம். ஈரத்தோட மூட்ட கட்னா பூசணம் பூத்துடாது? அதான் கூரத் தகட்டு மேல பரப்பி, நீ கல்யாணத்துல இருந்த அத்தினி நாளும் காய வச்சேன். காதுகிட்ட ஆட்டிப் பாத்தேன், நல்லா கலகலன்னு சத்தம் வந்துது. நேத்து பொழுது சாயத்தான் வாரிப் பையில போட்டேன். மேல இருந்த ஒரு பைய மட்டும் தொடல, அதுல ஒண்ணே ஒண்ணுதான கெடந்துது."

"யோவ், இது இன்னா மல்லாட்டையா? ஒடச்சித் தின்னப் போறியா? கெடுத்தியேய்யா குடிய!" என்று நான் கத்தியது மீனம்பாள் கடைவரைக்கும் கேட்டிருக்கும். பாவம், அந்த மனுஷன் விதையைக் காப்பாற்றுகிற அக்கறையோடுதான் அத்தனையையும் வெயிலில் புரட்டிப் போட்டிருக்கிறார். அவர் முகம் தொங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜாராமுக்கும் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப நான் கெளம்பறேன் நயினாரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சார், இருங்க! காயாதது ஒண்ணு இருக்குது. நயினாரு கையில."

எல்லாரும் திரும்பி நயினாரைப் பார்த்தோம். அதே நேரம் தூக்குவாளியோடு அக்கா வாசலில் வந்து நின்றார். சூரியன் மலை உச்சிக்கு ஒரு முழம் மேலே நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இழுக்கட்டும்" என்றார்.

நெடுமாறன் தயங்கினார். "வலிச்சா சொல்லிடுங்க நயினாரே." நயினாரின் இரண்டு முன்கையையும் பிடித்துக்கொண்டு, எதிரெதிர்ப் பக்கம் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பட்டை நீண்டு கொடுத்தது, ஒடியவில்லை. மறுபடி இழுத்தார். நயினார் கண்ணை மூடிக்கொண்டு அருகனை வேண்டினார். நான் எங்கள் சிங்கவரத்துப் பெருமாளை விடவில்லை. மூன்றாவது இழுப்பில் நெடுமாறனே கால் வழுக்கிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அம்மாடி! வராது சார். இது வரவே வராது."

நான் கட்டரை வைத்துப் பட்டையை அறுத்தேன். அக்கா நயினாரின் மணிக்கட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாட்ச் கழற்றின அளவுக்கு ஒரு சின்ன அழுத்தம். விரலால் தேய்த்ததும் அதுவும் போய்விட்டது. தோல் துளி சிவக்கவில்லை. "ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார் ராஜாராம். பாண்டுரங்கன் கைதட்டியே விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாளைக்கு உப்புப் போட்ட சாம்பார்!

ஆனால் நயினார் யாரையும் பார்க்கவில்லை. விடுபட்ட கையோடு நேராகப் போய், அவருக்கென்று காய்ச்சி வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அண்ணாந்தார். மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காலையிலிருந்து தண்ணி குடிக்கலையா?"

"இல்ல."

"ஏன்? சதுர்த்தசிக்குத் தண்ணி உண்டே."

"கை கட்டியிருந்துது, சொம்பத் தூக்க வரல. யாரும் குடுக்கல. கேக்க... ஒரு மாதிரியா இருந்துது."

சொந்த ஷெட், சுற்றி நாங்கள் இத்தனை பேர். நாள் முழுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாண்டுரங்கன் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அக்கா ராஜாராமிடம் திரும்பினார். "கையில தடம் இல்ல, ஒத்துக்கறேன். ஒண்ணு மட்டும் செய்யணும். பட்ட மேல, வெளிப்பக்கமா, எழுத்து வர மாதிரி அச்சுல வெட்டணும். 'தண்ணீர் கொடுங்கள்'னு."

ராஜாராம் சிரித்தார். "அக்கா, கலாட்டா நடக்கும்போது மாட்டறவன் எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கினா இருப்பான்?"

"மாட்டறவரு படிக்காட்டிப் போறாரு. மாட்டிக்கினவருக்கு வேற இன்னா வேல? கையையேதான பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. அவரு படிப்பாரு. படிச்சிட்டு, கூச்சப்படாம கேப்பாரு."

ராஜாராமின் சிரிப்பு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெடுமாறன், ஒடிந்த பட்டைத் துண்டு ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"வெட்டுங்க சார்" என்றார். "எழுத்து பெருசா வெட்டச் சொல்லுங்க."