முடியுமா என்று கேட்க ஒரு குழு

பஸ் டெப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளை எல்லோரும் ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் யாரையும் முன்னால் ஓட்ட விடமாட்டாள். "முன்னாடி போறதுக்கு என்ன, கழுதைகூடப் போவும். பின்னாடி எடு, பார்க்கலாம்" என்பாள். அந்தப் பழக்கத்தால்தான் பெயர் வந்தது என்று டெப்போவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

அப்பா செங்கல் லாரி ஓட்டியவர். தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் படுத்துவிட்ட மாதம், பத்தொன்பது வயதில் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மறுவருஷம் ராணுவத்தில் சரக்கு வண்டி ஓட்டப் பெண்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. போய்ச் சேர்ந்தாள். சிப்பாயாக இல்லை, 'உதவிப் பணியாளர்' என்று எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய் போட்ட அதே சட்டை, அதே பூட்ஸ், அதே குளிர். பெயர் மட்டும் வேறு. எதிர்த் தரப்பிலிருந்து வந்த குண்டுகளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் எழுதி அனுப்பவில்லை.

எட்டாவது வருஷம் எல்லையில் சண்டை மூண்டது. ஒரு காலை, மலைமேல் இருந்த முகாமுக்கு அரிசி மூட்டையும் டீசலும் இறக்கிவிட்டு, அடிபட்ட ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கினாள். பக்கத்து சீட்டில் ஓர் இளம் கேப்டன். பாதி வழியில், கண்ணெதிரே, ரோடு ஒரு வண்டி நீளத்துக்குச் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. முகாமுக்குக் கீழே இன்னொரு பாதை பிரிகிற இடம்வரை, இரண்டு கிலோமீட்டர், மேடேறிப் பின்னாலேயே போகவேண்டும். மழை வேறு.

கதவைத் திறந்து பிடித்து, பாதி உடம்பை வெளியே நீட்டி ஓட்டினாள். பின்பக்கம் படுத்திருந்தவர்களில் ஒருவர் முகாமின் சமையற்காரர். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. அவர்தான் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இடது பக்கம் ரெண்டு அடி இருக்கு தங்கச்சி... ஒரு அடி... நில்லு, நில்லு... இப்ப வா" என்று கத்திக்கொண்டே வந்தார். கேப்டனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையாலும் டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று ஜபம் செய்தார். வளைவு ஒன்றில் காலையில் தின்றதை எல்லாம் அவள் பூட்ஸ்மேல் கொட்டினார்.

ஆறு பேரும் பிழைத்தார்கள். கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்தது. 'ஆபத்தான நேரத்தில் ஓட்டுநருக்கு இடைவிடாது வழிகாட்டி' என்று அதில் எழுதியிருந்தார்கள். இடைவிடாது என்பது உண்மைதான். பதக்கம் சிப்பாய்களுக்கு மட்டும்தான் என்பதால் அவளுக்கு ஒரு ஜோடி புது பூட்ஸ் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கல்யாணமானதும், விதிப்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் போனது. ராணுவத்தில் பெண்களைச் சிப்பாய்களாகச் சேர்க்கலாமா கூடாதா என்று ஆராய அரசாங்கம் ஒரு குழு போட்டது. ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டது அந்தக் குழு. ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். சந்தேகம் அவர்களுக்குத்தானே!

அவள் புருஷன் மருந்துக்கடை வைத்திருந்தார். பேப்பரில் குழுத் தலைவரின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், இங்க வா. இது உன் பூட்ஸ்ல வாந்தி எடுத்த ஆளுதானே?" என்றார். வரிசை வரிசையாகக் குத்திய பதக்கங்களோடு, தொந்தியும் கண்ணாடியுமாக, அவரேதான். பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்றிருந்தார்.

டவுன் ஹாலுக்கு டெப்போ சட்டையோடே போனாள். குழுவில் இருந்த டாக்டர் பெண்களின் இடுப்பெலும்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கல்லூரி முதல்வர் ஒருவருக்குப் பெண்மையின் மென்மையைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது; அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தது பக்கத்தில் நின்ற பெண் ஊழியர். இன்னொருவருடைய கவலை எல்லாம் கழிப்பறையைப் பற்றி. நாட்டின் பாதுகாப்பு கடைசியில் ஒரு தாழ்ப்பாளில் வந்து நின்றது. தலைவர் முடிவாகச் சொன்னார்: "போர்க்களத்தில் நெருக்கடி வரும்போது பெண்கள் பதறிவிடுவார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன்."

அக்கா எழுந்து மைக்கிடம் போனாள்.

"சார், மலை ரோட்டுல வண்டி ரெண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ்ல வந்துச்சே, அந்த அனுபவமா?"

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவளை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, நீங்க ரொம்பத் திறமைசாலி, மறுக்கல. ஆனா ஒரு விதிவிலக்கை வெச்சு சட்டம் போட முடியாதே."

"அந்த வண்டியில எட்டு பேர் இருந்தோம் சார். ஆறு பேர் வலியைத் தாங்கிக்கிட்டாங்க. நான் ஓட்டினேன். பதறினது ஒருத்தர்தான். அப்ப விதிவிலக்கு யாரு?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. தலைவர் மேஜையைத் தட்டினார். "நேரம் முடிந்துவிட்டது" என்று அறிவித்தார்கள். மைக்கும் செத்துப்போனது. மறுநாள் பேப்பரில் அவளைப் பற்றி ஒரு வரி வந்தது: 'முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.'

அதைப் படித்த பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது. அதுவரை பதக்கம் அவள் மனதில் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மனு எழுதினாள்: அன்று வண்டியை ஓட்டியது யார் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவும். பதிவேடு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில், அதே எழுத்துப்பிழையோடு. நாலாவது மனுவை ஒரு பெண் கிளார்க் எடுத்துப் படித்திருக்கிறாள். அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கி, நனைந்து ஒட்டிக்கிடந்த கட்டுகளைப் பிரித்து, மூன்று வாரத்தில் வண்டி நடமாட்டப் பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டு போன் செய்தாள்.

"உங்க கையெழுத்து இருக்கு மேடம். ஆனா ஒரு சாட்சியும் வேணும்னு கேக்குறாங்க."

சமையற்காரர் அடுத்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தார். ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தவர், விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "வழிகாட்டினது அவனா? அப்ப அன்னிக்கு என் தொண்டை கிழிஞ்சது எதுக்காம்?" என்று சொல்லி, நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

இதற்கிடையில் குழுவின் அறிக்கையும் வந்தது. முந்நூறு பக்கம். பெண்கள் போர்முனைக்கு வண்டி ஓட்டலாம், அடிபட்டவர்களைத் தூக்கலாம், சமைக்கலாம், தேவைப்பட்டால் சாகவும் செய்யலாம். சிப்பாய் என்று அழைப்பதைப் பற்றி மட்டும் மேலும் ஆராயவேண்டும்.

ஒரு வருஷம் கழித்துக் காப்பகத்திலிருந்து கெட்டி உறை ஒன்று வந்தது. அவளுடைய எட்டாம் வருஷப் பணி 'போர்க்களப் பணி' என்று திருத்தப்பட்டிருந்தது. சான்றிதழில் முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்று அச்சாகியிருந்தது. போர்க்களப் பணிக்கு அவர்களிடம் இருந்தது அந்த ஒரே படிவம்தான்.

புருஷன் இரண்டு தடவை படித்தார். "அப்ப இத்தனை வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்துறேன்?"

"உங்க மேலதிகாரியோட" என்றாள்.

அதை மாட்டிவைக்கச் சட்டம்கூட வாங்கி வைத்திருந்தார் அவர். வேண்டாம் என்றுவிட்டாள். அதே உறையில் போட்டு, 'வண்டியை ஓட்டியது பெண். திருத்தி அனுப்பவும்' என்று ஒரு தாளில் எழுதித் திருப்பி அனுப்பினாள். ஏழு மாதம் பிடித்தது. அச்சடித்த சொல்லை அடித்துவிட்டு, மேலே நீல மையால் 'பெண்' என்று யாரோ எழுதி, பக்கத்தில் சின்ன முத்திரை குத்தியிருந்தார்கள். அந்தக் கிளார்க்காகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. போன் செய்து கேட்டாள்.

"ஆமா மேடம், நான்தான். புதுப் படிவம் அடிக்க ஒரு குழு போட்டிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.