கிழக்குப் பகுதிக்கு நான்கை அழுத்தவும்

நகராட்சிப் புகார் பிரிவு என்று பெயர்தான் பெரிது. போய்ப் பார்த்தால் ஒரு நீள அறை, நாலு நாற்காலி, நாலு கணினி, ஜன்னலோரம் யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு செடி. எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும், எந்தச் சாக்கடை பொங்கினாலும், எந்த நாய் யாரைக் கடித்தாலும் திட்டு வந்து விழுவது இந்த நாலு பேர் காதில்தான். ஊரை நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கிழக்குப் பகுதிக்காரர்கள் போனில் நான்கை அழுத்தினால் நாலாம் சீட்டுக்குப் போகும்.

நாலாம் சீட்டில் இருந்தவளுக்கு வயது இருபத்திரண்டு. பழைய கூட்டத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஆள் ஒல்லி. அதோடு, எந்தத் துணிக்கடைக்குள்ளும் நுழைந்து யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிடுவாள், பையில் இரண்டு புடவையோடு. முதல் தடவை பிடிபட்டபோது எச்சரித்து விட்டார்கள். இரண்டாம் தடவை கையும் களவுமாக மாட்டியபோது உள்ளே போக வேண்டியவள்தான். நகராட்சியில் அப்போதுதான் கோர்ட்டோடு சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள பெண்ணா, ஆறு மாதம் நாங்கள் சொல்லும் வேலையைச் செய், நாங்கள் காட்டும் விடுதியில் தங்கு, வாரம் ஒருமுறை வந்து பேசு, கேஸை மூடிவிடுகிறோம் என்றார்கள். நல்ல திட்டம்தான், சும்மா சொல்லக்கூடாது.

அதில் ஒரே ஒரு விதிதான் முள். கூட மாட்டின ஆட்களோடு ஆறு மாதம் எந்தத் தொடர்பும் கூடாது. நேரில் கூடாது, போனில் கூடாது, இன்னொருத்தர் வாய்வழியாகக்கூடக் கூடாது. மீறினால் பைல் அப்படியே கோர்ட்டுக்குத் திரும்பிப் போகும். அந்த விதியை எழுதின புண்ணியவான் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தனியாக ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

ஏனென்றால் ஊசியோடு மாட்டினது வேறு யாருமில்லை, அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. அம்மா இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு, 'புது வீட்டில் இடமில்லை, நீ எங்கேயாவது பார்த்துக்கொள்' என்று பதினாறு வயதுப் பெண்ணைக் கைகழுவினபோது, சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தவள். கடையில் வேலைக்காரப் பெண்களிடம் அதைக் காட்டு இதைக் காட்டு என்று வாயடித்துக்கொண்டிருப்பது அக்கா, அந்தச் சாக்கில் பையை நிரப்புவது ஊசி. திருட்டைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான், காய்ச்சல் வந்தால் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். இதில் எதை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுவது, சொல்லுங்கள். கடைசியில் பிடிபட்ட அன்று பை முழுக்க என்னுடையது என்று அக்கா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு, அவளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. மூன்று மாதம் போட்டார்கள்.

விடுதி அறையில் இரண்டு கட்டில். இன்னொரு கட்டிலில் இருந்த பெண் மூன்றாம் வாரமே கேஸில் கூட மாட்டின பழைய காதலனைப் பார்க்கப் போய், திரும்பி வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. அதற்கப்புறம் அந்தக் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. சுருட்டி வைத்த மெத்தை மட்டும் கிடந்தது. வேலை முடிந்து அறைக்குள் நுழைந்தால் மறுநாள் காலைவரை ஊசி வாய் திறந்து பேச ஒரு ஈ காக்கை கிடையாது. அம்மாவுக்கு நாலு தடவை போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஐந்தாம் தடவை அந்த வீட்டு மனிதர் எடுத்து, "இங்க அப்படி யாரும் இல்லம்மா" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். மரியாதையாகச் சொன்னதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

ஆனால் வேலை பிடித்துப்போய்விட்டது. காலை ஒன்பது மணியிலிருந்து காதில் மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா, அதனால். திட்டினாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொள்வாள். சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தார். வருகிற அழைப்பு எதுவானாலும் கணினியில் பதிந்து புகார் எண் கொடுக்காமல் போனை வைக்கக் கூடாது. குடிகாரன் உளறினாலும் எண், குழந்தை விளையாடினாலும் எண். மற்ற மூன்று சீட்டுக்காரர்களும் அதைக் காற்றில் விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. வேண்டாத அழைப்பைச் சத்தமில்லாமல் கட் பண்ணிவிடுவார்கள். ஊசி மட்டும் பிடித்தால் ஒரே பிடி. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் அவளை நம்பி ஒரு வேலையைக் கொடுத்திருந்தார். அதில் ஒரு பொட்டு குறை வரக்கூடாது என்று இருந்தாள்.

நாலாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி.

"மேடம், எங்க தெருவுல லைட்டு எரியல."

அவ்வளவுதான் சொன்னது அந்தக் குரல். ஊசிக்கு அது போதும். அக்கா. வெளியே வந்துவிட்டாள். ஊசி எங்கே வேலை செய்கிறாள் என்பதை யார் வாயைக் கிளறிக் கண்டுபிடித்தாளோ, ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திப் பார்த்துக் கடைசியில் நான்கில் பிடித்திருக்கிறாள்.

பேச்செல்லாம் பதிவாகிறது என்பது ஆரம்பத்திலேயே ரெகார்டு குரல் சொல்லிவிடும். அக்கா அந்த விஷயத்தில் கெட்டிக்காரி. வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி எந்தத் தெரு என்று கேட்டாள், சொன்னாள். கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் நம்பரைக் கேட்டாள், சொன்னாள். எத்தனை நாளாக எரியவில்லை என்று கேட்டாள், நாலு நாள் என்றாள். புகார் எண்ணைச் சொன்னதும் நன்றி மேடம் என்று வைத்துவிட்டாள். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்காது. ஊசி எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

விதிப்படி அன்றைக்கே மறுவாழ்வு மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாராவாரம் ஊசி போய்ப் பேசுவது அந்த அதிகாரியிடம்தான். போனாள், சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு இருக்கிறது என்றாள், எழுந்து வந்துவிட்டாள். அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு லைட்டு எரியவில்லை. இந்தத் தெரு, அந்தத் தெரு, இத்தனையாம் கம்பம். ஊசி செவ்வாய்க்காகவும் வெள்ளிக்காகவும் உயிர் வாழ்ந்தாள் என்றால் அது ஒன்றும் மிகையில்லை.

மாட்டிக்கொண்டது எதனால் தெரியுமா? எண் கொடுத்ததால். பேசிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் ஒரு ஜீவனுக்கும் தெரிந்திருக்காது. இந்தப் பைத்தியம் ஒவ்வொரு அழைப்பையும் கம்ப நம்பரோடு பதிந்தது. லைன்மேன் ஏணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகப் போனார். பட்டப்பகலில் தெரு முழுக்க சுவிட்ச் போட்டுப் பார்த்தால் எல்லா லைட்டும் கல்யாண வீடு மாதிரி எரிகிறது. பதினோராம் தடவை அவர் ஏணியை ஆபீஸ் வாசலிலேயே சாத்திவிட்டு உள்ளே வந்தார். எந்தப் பேமானி என் காதில் பூ சுற்றுகிறான் என்று எனக்கு இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும் என்று நின்றார். சூப்பர்வைசர் பட்டியலை எடுத்தார். பதினொன்றும் ஒரே போன் நம்பர், பதினொன்றும் நாலாம் சீட்டு.

தகவல் போய் மறுவாழ்வு மேடம் வந்து உட்கார்ந்ததும் ஊசி மறைக்கவில்லை. அது அக்கா என்றாள். முதல் நாளே தெரியும் என்றாள். திருட்டில் போலீஸ்காரரையே முழிக்க வைத்தவளுக்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை. சூப்பர்வைசருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பேசினதுதான் பேசினாய், அதை ஏன் வேலை மெனக்கெட்டுப் பதிந்தாய் என்று கேட்டார்.

"எண் குடுக்காம வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள்.

அவர் பட்டியலை மடித்து மேஜையில் வைத்தார்.

மேடம் பதினோரு பதிவையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். ஒரு சொந்தப் பேச்சு, ஒரு சாடை, ஒரு 'எப்படி இருக்கே' கிடையாது. தெரு, கம்பம், நாள், எண். பொதுமக்கள் போனில் வந்த சாதாரணப் புகார், தொடர்பு இல்லை என்று இந்த ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன் என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் ஊசியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு. இனிமே அந்தக் குரல் வந்தா பக்கத்து சீட்டுக்கு மாத்திடு. சரின்னு ஒரு வார்த்தைகூட நீ சொல்லக் கூடாது. நீ சொல்லி இன்னொருத்தர் சொன்னாலும் தொடர்புதான். அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

இது நடந்தது புதன்கிழமை. வியாழன் முழுக்க ஊசி ஒன்றையே வேண்டிக்கொண்டாள், அக்கா போன் பண்ணக் கூடாது என்று. பண்ணாமல் விட்டால் என்ன செய்வது என்றும் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. மேடம் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுமே பொத்தானை அழுத்தி மூன்றாம் சீட்டுக்குத் தள்ளிவிட்டாள். மூன்றாம் சீட்டுக்காரி வேர்க்கடலை மென்றுகொண்டே எடுத்தாள். எந்தத் தெரு, என்ன பிரச்சினை என்று வழக்கமான ராகத்தில் ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஊசி பக்கம் சாய்ந்தாள்.

"இந்தம்மா லைட்டு, தண்ணி ஒண்ணும் சொல்லல. நாலாம் சீட்டுப் பொண்ணு நல்லா இருக்காளான்னு மட்டும் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. அழுவுறாங்க மாதிரி இருக்கு. என்னன்னு சொல்ல?"

நல்லா இருக்கேன் என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, பதிவாகிறது. முப்பத்தைந்து நாள். ஆமென்று தலையாட்டினால்கூட மூன்றாம் சீட்டுக்காரி அதை வாயால் சொல்லிவிடுவாள். அந்த அறையில் அத்தனை போன் மணி அடித்துக்கொண்டிருந்தும் தன்னந்தனியாக நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் யாரும் அவளைப் பற்றி யாரிடமும் இப்படி விசாரித்ததில்லை.

"எண் குடுத்துடுங்க" என்றாள்.

"இதுக்கா? எந்தத் தலைப்புல பதிய?"

"மற்றவைன்னு போடுங்க."

மூன்றாம் சீட்டுக்காரி தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டினாள். உங்க புகார் பதிவாயிடுச்சும்மா, எழுதிக்குங்க என்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஏழு நாளுக்குள்ள நடவடிக்கை எடுப்பாங்க என்று சொல்லி வைத்துவிட்டு, கடலைப் பொட்டலத்தை ஊசி பக்கம் நீட்டினாள்.

"பாவம்டி. அந்த நம்பரை ரெண்டு தடவ திருப்பிச் சொல்லி சரிபாத்துக்கிட்டாங்க."

ஊசியின் போன் அடித்தது. எடுத்தாள். யாரோ ஒருவர் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கத்த ஆரம்பித்தார். எந்தத் தெரு என்று கேட்டாள்.