அத்தான் வெட்டிய ஆண் மரம்

என் அக்கா வீட்டுக்காரர் கல்லூரியின் தாவரவியல் தோட்டத்தில் தோட்டக்காரர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். "இவர்கிட்ட ஒரு ஆணியைப் பிடுங்கச் சொன்னா, சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சுட்டுத்தான் சாப்பிட வருவார்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

நான் அதே கல்லூரியில் ஆய்வகப் பணியாளன். செய்முறை வகுப்புக்குப் பூக்களை நீளவாக்கில் பிளந்து, இது மகரந்தத்தாள், இது சூலகம் என்று சீட்டு எழுதி வைப்பது என் வேலை. சில இனங்களில் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறொரு மரத்திலும் இருக்கும், ஆண் மரம் காய்க்கவே காய்க்காது என்ற பாடத்தை இருபது வருடம் பின்வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். பேராசிரியருக்கு இருமல் வந்தால் மிச்சத்தை நானே சொல்லி முடிப்பேன். அவ்வளவு மேதை.

பம்பு அறைக்குப் பக்கத்தில் இரண்டு மரங்கள் நின்றன. அந்த இனம் வளர்ந்த காடு அணைக்குள் மூழ்கிவிட்டது. அதற்கு முன் எடுத்து வந்த விதைகளில் முளைத்தவை இந்த இரண்டுதான். நட்டவர் எங்கள் பேராசிரியை. இவற்றிலிருந்து விதை எடுத்து நூறு கன்றாவது போட வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். பிறகு ஆராய்ச்சிக்காக இரண்டு வருடம் வெளிநாடு போனார்.

அவர் போன பிறகு ஒரு மரம் பூத்தது. இரண்டு பருவமும் பூத்து மஞ்சள் பொடியாகக் கொட்டியது, ஒரு பிஞ்சுகூட இல்லை. மற்றது பூக்கவே இல்லை. ஒருநாள் நான் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், அந்தப் பெரிய மரம் காய்க்கிற மாதிரி தெரியலை. சின்னதுக்கு வெயிலையும் மறைக்குது. மேடம் வர்றதுக்குள்ள சின்னதாவது காய்க்கட்டும். அதை எடுத்துடவா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காய்க்காததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது அத்தான், எடுத்துடுங்க" என்றேன். ஒரு பூவைக் கொண்டுவரச் சொல்லிப் பிளந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது ஒரு வம்சத்துக்கே உலை வைத்தது.

பேராசிரியை திரும்பி வந்த மாதம் சின்ன மரம் பூத்தது. ஒரு பூவைப் பிய்த்து லென்ஸில் பார்த்தவர் குழந்தை மாதிரி கத்தினார்.

"சூலகம் மட்டும்தான் இருக்கு! இது பெண் மரம்! இன்னொண்ணு ஆணா இருந்தா விதை கிடைச்சுடும். எங்கே அது?"

அத்தான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "அது மஞ்சப் பொடியாத்தான் கொட்டுச்சு. காய்க்கலைன்னு எடுத்துட்டேன் மேடம்."

பேராசிரியை பம்பு அறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்லை, அடிக்கட்டை இருக்கில்ல? துளிர்க்கும். காட்டுங்க" என்று எழுந்தார்.

அத்தான் நகரவில்லை. அடிக்கட்டையை மூன்று நாள் தோண்டி, பக்கவேர் ஒன்று விடாமல் அறுத்து, எல்லாவற்றையும் கொளுத்தி, குழியை மூடிப் புல்லும் பதித்திருந்தார். மரம் இருந்த இடமே தெரியவில்லை. வேலையில் அத்தனை சுத்தம்.

"யார் வெட்டச் சொன்னது?"

"நானாத்தான் மேடம்."

நான் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். அவருக்கும் வேலை போகவில்லை, அதுதான் வேடிக்கை. பேராசிரியை ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். அந்த இனத்தில் இன்னொரு மரம் எங்குமே கிடைக்கவில்லை.

பெண் மரம் இன்றும் வருடா வருடம் பூக்கிறது. பூக்கும் காலத்தில் முதலாண்டு மாணவர்களை அங்கே கூட்டிப் போவார்கள். அத்தான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அன்றைக்கு வந்து, தான் மரத்தை வெட்டிய கதையைத் தானே அவர்களுக்குச் சொல்கிறார். வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்துவிட்டாள்.

இந்த வருடம் ஒரு பெண் கேட்டாள்: "வெட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே தாத்தா?"

"தோணலைம்மா" என்றார் அத்தான். "யாரையும் கேக்கலை."

கேட்டார். என்னைத்தான் கேட்டார்.