சம்பந்தியை இலைக்கு அழைத்தல்

வெளிநாட்டுத் தலைவர்களுக்குக் கொடுக்கப்படும் அரசு விருந்துகளைப் பற்றி டெல்லியில் இருந்துகொண்டு பல வருடங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடச் சாப்பிட்டதில்லை. இரண்டு தலைவர்களும் எழுந்து கோப்பையைத் தூக்கும்வரை புகைப்படக்காரர்களை உள்ளே விடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் கைக்கு மெனு அட்டை வரும். எந்த மாநிலத்துப் பதார்த்தம், யாருக்குப் பக்கத்தில் யார், அழைக்கப்படாதவர் யார் என்று அதை வைத்து ஒரு செய்தி எழுதுவோம். நாடுகள் மாறின, செய்தி மாறவில்லை. பழையதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினாலும் யாருக்கும் தெரியாது என்று தோன்ற ஆரம்பித்தபோது பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் அந்த விருந்துகள் என்னை விடவில்லை. என் மனைவியின் அண்ணன் அவை நடக்கும் ஜனாதிபதி மாளிகையின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறார். அவருடைய ஒரே மகளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் வைத்திருந்த வாரத்துக்கே ஒரு தலைவரின் வருகையும் மாற்றப்பட்டது. மச்சானின் விடுப்பைச் சுருக்கிவிட்டார்கள். தாலி கட்டி முடிந்ததும் பட்டு வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய் விமானம் ஏறினார். மறுநாள் அங்கே அரசு விருந்து. இங்கே சொதி.

சொதி என்பது தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு வைக்கும் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் எங்கள் பக்கம் அதுதான் பெயர். கல்யாணத்தன்று யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து சாப்பிடலாம். சொதியன்று அப்படி இல்லை. பெண்ணின் தகப்பனார் சம்பந்தியிடம் நேரில் போய், அவரை எழுப்பி, இலை வரை அழைத்து வர வேண்டும்.

சம்பந்தி நாங்குநேரிக்காரர். உரக்கடை வைத்திருக்கிறார். மண்டபத்து வாசலுக்குப் பக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. அவர் எழவில்லை. அதனால் அவர் ஆட்களில் ஒருவரும் எழவில்லை. இலைகளில் தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பெண் மாப்பிள்ளையின் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் நாங்குநேரிக்குப் போகிறாள். மாமனார் சாப்பிடாமல் கிளம்பினால், அந்த வீட்டில் எது நடந்தாலும் இந்தப் பேச்சுதான் முதலில் வரும்.

பெரிய இடத்து மரியாதையெல்லாம் தெரிந்தவர் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள்.

"சாப்பிடலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"இப்ப பசிக்கல," என்றார்.

தப்பு அங்கேயே நடந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரையும் பந்திக்குக் கேள்வி கேட்டு அழைப்பதில்லை. கேட்டால், வேண்டாம் என்று சொல்ல நாமே வழி விட்டதாக ஆகும். "எந்திரிங்க" என்றுதான் தொடங்க வேண்டும். டெல்லியில் அந்தச் சொல் என் வாயிலிருந்து போயிருந்தது.

சரிக்கட்டப் பார்த்தேன். "அரசு விருந்துலயும் இப்படி ஆகும் அண்ணாச்சி. விருந்து குடுக்கவருக்கு வர முடியலேன்னா, அடுத்த பதவியில இருக்கவரு வந்து நிப்பாரு."

"அந்த அடுத்த பதவி நீரா வே?"

அவருடைய தம்பி சிரித்தார். "துணை ஜனாதிபதியே வந்து கூப்பிடுதாருல்லா, எந்திரிங்க."

"சும்மா கெட லே. எங்கன இருந்தோ வாரவனுக்குச் சொதி ஊத்தப் போயிட்டாரு. பொண்ணக் குடுத்த எடத்துக்கு யாரு ஊத்துவா?"

"அங்கன சொதி கெடையாது அண்ணாச்சி."

"சொதிகூட இல்லாத விருந்துக்கா இதை விட்டுட்டுப் போனாரு?"

மச்சானுக்குப் போன் போட்டுப் பேசச் சொல்லலாம் என்றார் ஒருவர். விருந்து நாளில் சமையல்கட்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது பெண்ணின் தாய் அடுக்களையிலிருந்து வந்தார். ஆண்களைப் பந்திக்கு எழுப்பப் பெண்கள் வருவது வழக்கமில்லை. நேராக வந்து சம்பந்தியின் முன்னால் நின்றார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. சாப்பிட வாங்க."

"அவரு வந்து கூப்பிடட்டும் தங்கச்சி."

"அவிய அங்கன வந்தவியளக் கவனிக்காவ. இங்கன வந்தவியள நான் கவனிக்கேன். காலையில இருந்து ஒங்க மருமவ பச்சத்தண்ணி குடிக்கல. எந்திரிங்க."

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஒனக்காகத்தான் எந்திரிக்கேன் தங்கச்சி. அவரு இன்னும் என்னியக் கூப்பிடல. அத மறந்துராத."

நாற்காலிகள் நகர்ந்தன. பந்தி நிறைந்தது. சொதி நன்றாக இருந்தது. இஞ்சிப் பச்சடிதான் போதவில்லை, அதையும் சம்பந்தி சொல்லிக் காட்டினார். மறுநாள் பேப்பரில் டெல்லி விருந்தின் செய்தி வந்திருந்தது. நான் எழுதியது போலவே இருந்தது.

மச்சானின் அடுத்த விடுப்பும் வேறொரு தலைவரின் வருகையில் போய்விட்டது. நாங்குநேரியிலிருந்து மகள் பேசும்போதெல்லாம், "மாமா ஒண்ணும் சொல்லல," என்பாள். எல்லாத் தடவையும் அதைச் சொன்னதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

கடைசியில் மச்சான் வந்தபோது நெல்லை ஜங்ஷனிலிருந்து வீட்டுக்குப் போகாமல், பையும் கையுமாக என்னோடு நாங்குநேரிக்கு வண்டி ஏறினார். முந்தின வாரம் முழுக்க விருந்து வேலை. ரயிலிலும் தூங்கவில்லையாம். நாங்கள் போனபோது சம்பந்தி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்திருந்தார். மச்சான் உள்ளே போய் அவர் முன்னால் நின்றார்.

"எந்திரிங்க சம்பந்தி. சாப்பிட வாங்க."

"எங்க வீட்டுக்கே வந்து என்னியவே சாப்பிடக் கூப்பிடுதீரு வே."

"ஆமா. எந்திரிங்க."

சம்பந்தி எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் ஓடிப்போய் இலை கொண்டுவந்தாள். மிச்சச் சோறும் மோரும் ஊறுகாயும்தான் இருந்தன. மச்சான் நின்றபடியே பரிமாறினார். "நீங்களும் உக்காருங்கப்பா," என்று மகள் சொன்னதற்குத் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சம்பந்தி இரண்டாம் தடவை மோர் வாங்கிக் குடித்துவிட்டு இலையை மடித்த பிறகுதான் மச்சான் உட்கார்ந்தார். அவருக்கு இலை வந்தபோது சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.