வண்டி நிக்குதா?

1981 பிப்ரவரி 11, புதன்கிழமை. சங்கரன்கோவிலில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டில் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் வாங்கினேன். இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, திருத்தி முடித்த பிள்ளைகளின் நோட்டுகளைக் கட்டி வைத்தேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நூல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த என் கணவர், புழக்கடையில் குளித்துக்கொண்டிருந்தார். தெருவில் விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த நாளுக்கு மட்டும் அதைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை.

முன்வாசல் வேப்ப மரத்தடியில் என் கணவருடைய கார் நின்றது. சீமையில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். மலை எஸ்டேட் ஒன்றில் ஓடாமல் கிடந்ததை என் கணவர் ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தார். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. மானத்தை வாங்கியதெல்லாம் சின்னச் சின்ன சாமான்கள்தான். கதவைத் திறக்க ஒரு மெல்லிய கம்பி. அது அறுந்தால் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். வைப்பர் மழை நாளில்தான் கழன்று விழும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துவிடுவார். இருவரும் காரைப் பிரித்துப்போட்டு, தறி ஸ்பிரிங்கையும் தோல் துண்டையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வார்கள். "என்ஜினை யானை மாதிரி செஞ்சவன், ஆணியை எறும்பு மாதிரில்லா செஞ்சிருக்கான். சோப்பு டப்பாவை வச்சுக்கிட்டு மதினியை ஊர்கோலம் வேற கூட்டிட்டுப் போறீரு" என்று சிநேகிதர் சிரிப்பார். நான் காப்பி கொடுப்பேன்.

முந்தின நாள் சாயங்காலம் புளியங்குடியிலிருந்து திரும்பும் வழியில் பிரேக் மிதி திடீரென்று தொளதொளத்துவிட்டது. என் கணவர் கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். மிதியையும் பிரேக் தண்டையும் சேர்ப்பது 'பின்' என்கிற விரல் நீள இரும்பு முளை ஒன்று. அந்தப் பின் வெளியே வராமல் பிடித்திருந்தது கம்பியில் வளைத்த ஒரு கிளிப். உயிரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் அவ்வளவுதான் வைத்திருந்தார்கள். அந்தக் கிளிப் எங்கோ விழுந்துவிட்டது. அவர் என் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கி, வளைத்துச் செருகி, மாட்டுவண்டி வேகத்தில் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்றிரவே பட்டறைக்குப் போய் அளவு கொடுத்தார். ஓரத்தில் துளை போட்டு, பிளவு ஆணி மாட்டும்படி தடித்த பின்னாகக் கடைந்து, காலையில் கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சிநேகிதர் சொன்னாராம். கிளிப் தொலைந்ததைச் சொன்ன என் கணவர், கொண்டை ஊசி சங்கதியை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்குக் கேலி ஓயாது.

காலையில் சிநேகிதர் பின்சந்து வழியாக சைக்கிளில் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "வண்டி நிக்குதா வே?"

குளித்துக்கொண்டிருந்த என் கணவர், "நிக்குது, பாரும்" என்றார்.

சைக்கிள் முன்வாசலுக்குப் போனது. சாவி எப்போதும் காரிலேயே தொங்கும். என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டதும் என் கணவர் ஈரத்துணியோடு ஓடிவந்தார். "இங்கன மாட்டத்தான வந்தாரு, எதுக்கு ஸ்டார்ட் பண்ணுதாரு?" நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

அந்தத் திருப்பத்துக்கு அப்பால் ஒரு தறிக்கூடத்து வாசலில், பாவு நூல் சுற்றிய இரும்பு உருளைகளை ஏற்றிய தள்ளுவண்டி நின்றது. உருளைகள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. லாரியாக இருந்தால் முகப்பில் இடித்து நின்றிருக்கும். அந்தக் கார் தாழ்வானது; உருளை நுனிகள் ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு நேராக வந்தன. நாங்கள் ஓடிப்போனபோது முன்கண்ணாடி இல்லை. சிநேகிதர் நெஞ்சை அழுத்திப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். காலடியில் என் கொண்டை ஊசி நிமிர்ந்து கிடந்தது.

வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். சிநேகிதரின் மனைவியும் நானும் முன்னால். பின்னால் என் கணவரின் மடியில் அவர் தலை. பனவடலிசத்திரம் தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

"நிக்குதுன்னு சொன்னீரே வே."

கோபமாகச் சொல்லவில்லை. கொடுத்த அளவு ஏன் பிசகியது என்று விசாரிப்பதுபோல் கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா என்று சிநேகிதர் கேட்டிருக்கிறார். வண்டி வீட்டில் நிற்கிறதா என்று கேட்பதாக என் கணவர் நினைத்திருக்கிறார். 'நிக்குது, பாரும்' என்றதை நம்பித்தான் சிநேகிதர் ஓட்டிப் பார்க்க எடுத்திருக்கிறார். இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை.

"வண்டி வீட்ல நிக்குதான்னு கேக்கீருன்னுல்லா நெனச்சேன்" என்று என் கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது சிநேகிதர் காதில் விழுந்ததா என்று தெரியாது. மானூர் வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்கள். பையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பின் இருந்தது. எண்ணெய் காயாத புதுப் பின். அவர் மனைவி அதை என் கணவரிடம் நீட்டி, "இது ஒங்க வண்டிக்குள்ளதுதான அண்ணாச்சி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கணவரால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்டு வருஷமாகிறது. இன்றைக்கும் யாராவது "வண்டி நிக்குதா" என்று கேட்டால், "எதைக் கேக்கிய?" என்று தெரிந்துகொள்ளாமல் நான் பதில் சொல்வதில்லை. எதிரே இருப்பவர் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. நாக்கில் புழங்கிப்போன வார்த்தையைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்று அந்த நாள் எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

சிநேகிதர் இறந்த மறுநாள் காலை நான் எழுந்தபோது என் கணவர் படுக்கையில் இல்லை. தெருக்காரர்கள் தள்ளிக்கொண்டுவந்து விட்டிருந்த காரில், மிதிகளுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். புதுப் பின்னை மாட்டி, பிளவு ஆணியைச் செருகி, இரண்டு நுனியையும் வளைத்துவிட்டார். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பிடித்தது. காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நடந்தே சிநேகிதர் வீட்டுக்குப் போனார்.