எல்லாக் கோழிக்கும் ஒரே மூட்டை

எங்கள் கோழிக்குஞ்சுகளைக் கொன்றது நீங்கள்தான், ஐயா. நோயும் இல்லை, மலைப் பனியும் இல்லை, என் அம்மாவும் இல்லை.

போன வாரம் வத்தலக்குண்டில் ஒரு தீவனக் கடையில் நின்றேன். "குஞ்சுக்கா, முட்டைக் கோழிக்காண்ணே?" என்றார் கடைக்காரர். இரண்டும் வேறா என்று கேட்டேன். முட்டைக் கோழித் தீவனத்தில் முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்பு அதிகம், குஞ்சு அதையே தின்றால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும் என்று மூட்டையைத் தைத்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கொடைக்கானல் மலையில் பள்ளங்கிப் பக்கம் இருந்தோம். அம்மா இலங்கையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இங்கே பூண்டுக் காட்டில் கூலி. அவர் கோழி மூடும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூன்று கல்லின்மேல் தூக்கி வைப்பார். இடுக்கு வழியாகக் குஞ்சுகள் மட்டும் நுழைந்து குருணை தின்னும். பெரிய கோழி தலையை மட்டும் விட்டுத் திட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தீனி வெளியே தனியாக, நொறுக்கிய முட்டை ஓட்டோடு. கோழிக்கெல்லாம் பந்தியா என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

அப்போதுதான் நீங்கள் கால்நடைத் துறை அதிகாரியாக ஜீப்பில் வந்தீர்கள். மகளிர் குழுவுக்குக் கோழியும் குஞ்சும் கலந்து கொடுத்தீர்கள், தீவனம் மட்டும் ஒரே வகை. கூடையைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எல்லாம் கோழிதானம்மா. எல்லாத்துக்கும் இதையே போடுங்க."

மூட்டையில் ஆங்கிலத்தில் என்னவோ அச்சிட்டிருந்தது. கொடைக்கானல் லாட்ஜில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பழகிய மேதாவி நான், எழுத்துக்கூட்ட ஆரம்பித்தேன். அம்மா அதட்டினார்: "தொரை சொல்றாருல்ல மகன், மூட்டைய எறக்கு." எஸ்டேட்டில் பிறந்தவருக்கு ஜீப்பில் வந்தவரெல்லாம் துரை. இறக்கினேன்.

சில வாரங்களில் குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. வெள்ளையாகக் கழிந்து, காலை மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. பெரிய கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வந்து, குழுப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், பராமரிப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினீர்கள்.

அதுவரை ஊரில் கோழி அடை வைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் முட்டை வைத்தால் பழுதில்லாமல் பொரியும் என்பார்கள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "ஒங்க கைக்கு உசுரு தங்காது போலக்கா."

அம்மா அதை நம்பிவிட்டார். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது வாங்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் மகன். என் கை ஆகாது."

கடைசிவரை அந்தப் பிள்ளையைத் தூக்கவில்லை. இன்று அம்மா இல்லை. எங்கள் வரிசை வீடுகளில் கோழியும் இல்லை. முட்டை கடையில் அட்டையோடு வருகிறது.

நீங்கள் ஓய்வு பெற்று திண்டுக்கல்லில் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். அந்தப் பெண்களில் பாதிப்பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: குஞ்சுக்கு அந்தத் தீவனத்தைப் போடச் சொன்னது யார்?